குளிச்சது குரங்கா?

போன ஆடிச் சாரல்ல குற்றாலம் மெயின் அருவியில ஒரு குரங்கு என் கண்ணாடியைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. குற்றாலம் வந்தவங்களுக்கு இது பெரிய செய்தியே இல்லை. பையைத் திறந்து வச்சிட்டுப் போனா முறுக்கு போகும், பிஸ்கட் போகும், சில நேரம் பர்ஸும் போகும். ஆனா நான் தென்காசிக்காரன். சின்ன வயசுல இருந்து அந்தக் குரங்குகளைப் பார்த்து வளர்ந்தவன். எனக்கே இது நடந்ததுதான் கேவலம்.

அந்தக் கேவலத்தையும் பெருமையா மாத்தணும் இல்லையா, அன்னைக்கு ராத்திரி இன்ஸ்டாவில ஒரு ஸ்டோரி போட்டேன். நல்ல இங்கிலீஷ்ல, ஸ்டைலா: "பாத்திங் இன் தி மெயின் ஃபால்ஸ், எ மங்கி ஸ்டோல் மை ஸ்பெக்ஸ்."

நிறைய சிரிப்பு எமோஜி வந்துச்சு. ரூம்மேட் மட்டும் ரிப்ளை பண்ணினான்: "ஏல, குரங்கு எதுக்குல குளிச்சுது?"

அவன் ஆய்க்குடிப் பக்கம். பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். நான் எல்கேஜி முதல் இங்கிலீஷ் மீடியம். போதாக்குறைக்குப் பதினொண்ணு, பன்னிரண்டுல மார்க் வரும்னு ஃபிரெஞ்ச் எடுத்தவன். அந்தத் திமிர்ல, "அது பார்ட்டிசிபியல் ஃபிரேஸ்ல, உனக்குப் புரியாது"ன்னு அனுப்பினேன். அவன் கோவப்படல. "சரி, அதையே தமிழ்ல சொல்லு பாப்போம்"னான்.

சொல்லிப் பார்த்தேன். 'மெயின் அருவியில குளிச்சுக்கிட்டே ஒரு குரங்கு என் கண்ணாடியைத் தூக்கிட்டுப் போயிடுச்சு.' பாதி சொல்லும்போதே தெரிஞ்சு போச்சு. தலையில தண்ணி கொட்ட, கண்ணை மூடிக்கிட்டுக் குளிக்குது குரங்கு. நடுவுல ஒரு கையை நீட்டி என் கண்ணாடியையும் எடுத்துக்குது.

இந்தக் கட்டுரை அந்த ஒரு ரிப்ளையிலிருந்து வந்தது. நான் சொல்ல வர்றது இதுதான்: 'தமிழ்ல யோசிக்காதே, இங்கிலீஷ்லயே யோசி'ன்னு நம்ம பசங்ககிட்ட வருஷம் பூரா சொல்றாங்களே, குறைஞ்சபட்சம் இந்த 'இங்' விஷயத்துல அது தப்பான அறிவுரை. இங்க தமிழ்ல யோசிச்சாத்தான் இங்கிலீஷ் சரியா வரும்.

முதல்ல இங்கிலீஷ் விதி. வாக்கியத்தை 'பாத்திங்', 'வாக்கிங்', 'ஹேவிங் ஃபினிஷ்ட்' மாதிரி ஒரு எச்சத்துல ஆரம்பிச்சா, காற்புள்ளிக்கு அப்புறம் வர்ற எழுவாய்தான் அந்த வேலையைச் செஞ்ச ஆள். அங்க 'எ மங்கி' இருந்தா குளிச்சது மங்கி. 'ஐ' இருந்தா குளிச்சது நான். 1918-ல கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் தன் மாணவர்களுக்காக அச்சடிச்ச சின்னப் புத்தகத்திலேயே இந்த விதி இருக்கு. நம்ம ஊர் இங்கிலீஷ் மீடியம் வீடுகள்ல ஒரு அலமாரியிலயாவது கிடக்கும் ரென் அண்ட் மார்ட்டின்லயும் இருக்கு. அதுல கேட் பக்கத்துல நின்னுக்கிட்டு ஒருத்தரைக் கொட்டுற தேள் ஒண்ணு வரும், ஞாபகம் இருக்கா? ஒன்பதாம் வகுப்புல அதைத் திருத்தி எழுதி முழு மார்க் வாங்கினவன் நான். தேளைத் திருத்தத் தெரிஞ்சுது, குரங்கைத் திருத்தத் தெரியலை.

இப்ப தமிழுக்கு வருவோம். 'குளித்து', 'முடித்து', 'நடந்து' இதெல்லாம் வினையெச்சம். எட்டாம் வகுப்புல ரெண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணிட்டு விட்டுட்டோம். ஆனா பவணந்தி முனிவர் நன்னூல்ல இதுக்கு ஒரு விதி சொல்லி ஏறக்குறைய 800 வருஷம் ஆகுது. 'செய்து' மாதிரியான எச்சங்கள் தன் வினைமுதலைத்தான் கொள்ளும். அதாவது எச்சத்தைச் செஞ்சவரும் கடைசி வினைமுற்றைச் செஞ்சவரும் ஒரே ஆளா இருக்கணும். 'செய', 'செயின்' மாதிரியான எச்சங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, வேற ஆளும் வரலாம். தொல்காப்பியம் இதை அதுக்கும் ரொம்ப முன்னாடியே பேசியிருக்கு. ஸ்ட்ரங்க் சொன்னதும் பவணந்தி சொன்னதும் ஒரே விதிதான். வித்தியாசம் என்னன்னா, ஸ்ட்ரங்க்கை நாம படிச்சுத் தெரிஞ்சுக்கணும். பவணந்தி சொன்னதை அம்மா பேசும்போதே காதுல ஏத்திக்கிட்டோம். 'நான் சாப்பிட்டு அவன் போனான்'னு எந்தக் குழந்தையும் சொல்லாது. 'நான் சாப்பிட்டதும் அவன் போனான்'னு தானா மாத்திச் சொல்லும்.

அப்படின்னா ஏன் தப்பு பண்றோம்? தமிழ்ல யோசிக்கிறதால இல்லைன்னுதான் சொல்லுவேன். தமிழ்ல அஞ்சாறு உருப்படியா இருக்கிறதை இங்கிலீஷ்ல ஒரே 'இங்'குக்குள்ள போட்டுத் திணிக்கிறதாலதான்.

கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. குளிச்சு, குளிச்சுக்கிட்டே, குளிக்கும்போது, குளிச்சதும், குளிக்க, குளிச்சா, குளிச்சதால. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை. இதுல முதல் ரெண்டுக்கு மட்டும்தான் ஒரே ஆள் கண்டிப்பு. 'குளிக்கும்போது'ல தொடங்கி மத்ததெல்லாம் தாராளம்: நான் குளிக்கும்போது குரங்கு எடுக்கலாம், நான் குளிச்சதும் மழை வரலாம். நாம மனசுல நினைக்கிறது 'குளிக்கும்போது'. எழுதுறது 'பாத்திங்'. ஆனா இங்கிலீஷ் 'பாத்திங்' நம்ம 'குளிச்சு', 'குளிச்சுக்கிட்டே' கட்சி. 'குளிக்கும்போது'க்கு அங்க தனியா ஆள் இருக்கு: 'வைல் ஐ வாஸ் பாத்திங்'. நடுவுல 'ஐ' வந்திடுது பாருங்க, அதுதான் குரங்கைத் தண்ணியிலிருந்து வெளியே இழுக்குது.

இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்ல எழுவாயை விழுங்கிட்டுப் பேசுறது சகஜம். 'குளிச்சிட்டு இருக்கும்போது கண்ணாடியைத் தூக்கிடுச்சு'ன்னா யார் குளிச்சா, எது தூக்கிச்சுன்னு கேட்கிறவருக்குப் புரியும். கொஞ்சம் வினைமுற்றோட விகுதி சொல்லிடும், மிச்சத்தைச் சூழல் சொல்லிடும். இங்கிலீஷ்ல அந்த விகுதி இல்லை. எழுவாயை விட்டா, பக்கத்துல எந்தப் பெயர்ச்சொல் நிக்குதோ அது போய் அந்த நாற்காலியில உக்காந்துக்கும்.

அதனால என்னோட சோதனை ரொம்ப எளிசு. 'இங்'ல ஆரம்பிச்ச வாக்கியத்தை அப்படியே தமிழ்ல வாய்விட்டுச் சொல்லுங்க, '-து' இல்லைன்னா '-க்கிட்டே' போட்டு. காதுக்குச் சரியா இருந்தா விட்டுடுங்க. உறுத்தி, வாய் தானா '-ம்போது', '-ததும்', '-ஆல'ன்னு மாத்திக்கிச்சுன்னா, இங்கிலீஷ்லயும் மாத்துங்க: 'வென்', 'ஆஃப்டர்', 'பிகாஸ்' போட்டு ஆளைச் சொல்லுங்க.

இந்தச் சோதனை எனக்கு ரெண்டு மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஒரு கம்பெனிக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு மெயில் போட்டேன். முதல் வரி: "ஹேவிங் கம்ப்ளீட்டட் மை தேர்ட் இயர், யுவர் கம்பெனி இஸ் தி ரைட் பிளேஸ் ஃபார் மீ." ஆன்லைன் இன்டர்வியூவில ஒருத்தர் அதைப் படிச்சுட்டு, சிரிச்சுக்கிட்டே தமிழ்லயே கேட்டார், "எங்க கம்பெனி எப்ப தம்பி தேர்ட் இயர் முடிச்சது?" எனக்கு ஜோக் புரியலை. கம்பெனி வரலாறு கேக்கிறார்னு நினைச்சு, வெப்சைட்ல படிச்ச வருஷத்தைக் கணக்குப் போட்டு, மூணு கூட்டி, பதில் சொன்னேன். அவர் கேமராவை ஆஃப் பண்ணிட்டார். அதனாலதான் கிடைக்கலைன்னு சொல்ல மாட்டேன், கோடிங் ரவுண்ட்லயும் சொதப்பினேன். ஆனா 'மூணாம் வருஷம் முடிச்சு உங்க கம்பெனி எனக்குச் சரியான இடம்'னு ஒரு தடவை தமிழ்ல முணுமுணுத்திருந்தா அந்த வரி வெளியவே போயிருக்காது.

பெரிய ஆட்களும் இதுல விழுந்திருக்காங்க, ஒரு ஆறுதலுக்குச் சொல்றேன். ஷேக்ஸ்பியரோட ஹேம்லெட்ல, அப்பாவோட ஆவி வந்து, தன் சாவைப் பத்தி ஊருக்குள்ள கட்டிவிட்ட கதையைச் சொல்லும் இடம் இருக்கு. தோட்டத்துல தூங்கும்போது பாம்பு கடிச்சதா கதை. அந்த வரியை இலக்கணப்படி பிரிச்சா தோட்டத்துல தூங்கினது பாம்புதான். நானூறு வருஷமா யாரும் குழம்பலை. நாடகம் பார்க்கிறவங்களுக்குச் செத்தது யாருன்னு தெரியும். நம்ம மெயிலைப் படிக்கிறவருக்கு நம்மளைத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

'இங்' வாக்கியத்தோட கடைசியில வந்தாலும் இதே தலைவலி உண்டு. "ஐ சா தி கோபுரம் கமிங் அவுட் ஆஃப் தி ஸ்டேஷன்." தென்காசி காசி விஸ்வநாதர் கோயிலோட ஒன்பது நிலை ராஜகோபுரம் ரயில்வே ஸ்டேஷனை விட்டு நடந்து வெளிய வருது! இங்க தமிழ் இன்னும் கறார். 'வந்த கோபுரம்'னா பெயரெச்சம், வந்தது கோபுரம். 'வந்து கோபுரத்தைப் பார்த்தேன்'னா வினையெச்சம், வந்தது நான். தமிழ்ல ரெண்டுக்கும் ரெண்டு உருவம், ஒரு எழுத்துதான் வித்தியாசம். இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் அதே 'கமிங்'. இந்தப் பெயரெச்சத்தைப் பார்த்து வியந்து எழுதின வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் நம்ம பக்கத்துலயே இருந்திருக்கார். இராபர்ட் கால்டுவெல். திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணத்தை 1856-ல வெளியிட்டார். அரை நூற்றாண்டு இடையன்குடியில வாழ்ந்தார். (2019 நவம்பர் வரைக்கும் தென்காசியும் அதே திருநெல்வேலி மாவட்டம்தான், அதனால 'நம்ம பக்கம்'னு உரிமையா சொல்லிக்கலாம்.) இங்கிலீஷ் 'ஹூ', 'விச்'னு தனிச் சொல் போட்டுக் கட்டுற வாக்கியத்தை இந்த மொழிகள் ஒரு எச்சத்தை வச்சே முடிச்சிடுதுன்னு அவர் விளக்கியிருக்கார். அதையெல்லாம் நாம முதல் வருஷம் தமிழர் மரபு பேப்பர்ல கூடப் படிக்கலை. சரி, அது வேற புலம்பல்.

கோபுரம்னு சொன்னதும் இன்னொண்ணு. அந்தக் கோபுர வாசல்ல நின்னவங்களுக்குத் தெரியும், பொதிகைப் பக்கத்துக் காத்து ஆளையே தள்ளும். "என்டரிங் தி கோபுரம், தி விண்ட் புஷ்ட் மீ"ன்னு ஒருத்தர் எழுதினா நான் அடிக்க மாட்டேன். அங்க நிஜமாவே காத்துதான் முதல்ல உள்ள நுழையும்.

இனி என் சோதனை எங்கெல்லாம் உதைக்கும்னு நேர்மையா சொல்லிடறேன்.

'மலையில மழை பெஞ்சு அருவியில தண்ணி கொட்டுது.' பெஞ்சது மழை, கொட்டுறது தண்ணி. ரெண்டு எழுவாய், ஆனாலும் நம்ம காது சம்மதிக்குது. ஒண்ணு காரணம், இன்னொண்ணு அதோட விளைவு. பழைய உரைக்காரங்க இதைப் பார்த்திருக்காங்க. உருவம் 'பெய்து', ஆனா பொருள் 'பெய்ய'ன்னு கணக்குத் தீர்த்திருக்காங்க. அதே மாதிரி 'கால் வழுக்கி விழுந்தான்.' வழுக்கினது கால், விழுந்தது அவன். பழைய குற்றாலத்துல பாசி படிஞ்ச பாறையில வாரம் ஒருத்தருக்கு நடக்கிற சம்பவம் இது. உறுப்போட வினையை முழு ஆளோட வினையா முடிக்கலாம்னு தொல்காப்பியமே அனுமதி கொடுத்திருக்கு. கால் அவனுடையதுதானே! இங்கிலீஷ் இந்த ரெண்டு சலுகையும் தராது. மழைக்குத் தனி வாக்கியம் வேணும். காலை விட்டுட்டு 'ஸ்லிப்பிங் ஆன் தி ராக், ஹி ஃபெல்'னு ஆளையே வழுக்க விடணும். ஆக, இயற்கை விஷயத்திலயும் உடம்பு விஷயத்திலயும் காதை மட்டும் நம்பாதீங்க.

அடுத்தது நம்ம லேப் ரெக்கார்ட். "யூஸிங் எ மல்டிமீட்டர், தி வோல்டேஜ் வாஸ் மெஷர்ட்." விதிப்படி பார்த்தா வோல்டேஜ் தன் கையாலயே மல்டிமீட்டரைப் பிடிச்சுத் தன்னையே அளந்துக்குது. நாலு வருஷமா எல்லா ரெக்கார்ட்லயும் இதைத்தான் எழுதியிருக்கோம், யாரும் சிவப்பு மை போட்டதில்லை. தமிழ்ல சொன்னாலும் உறுத்தலை: 'மல்டிமீட்டரைக் கொண்டு மின்னழுத்தம் அளக்கப்பட்டது.' ஏன்? 'கொண்டு' இப்ப எச்சமே இல்லை. யாரும் எதையும் கொள்ளலை. அது தேய்ஞ்சு வேற்றுமை உருபோட வேலையைச் செய்யுது. சொல்லுருபுன்னு பேர். 'அதைப் பற்றி'ன்னு சொல்றப்ப யாரு எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா? 'அது குறித்து', 'ஊரை நோக்கி' எல்லாமே ஒரு காலத்து எச்சங்கள். இங்கிலீஷ்லயும் இதே தேய்மானம் நடந்திருக்கு: 'ரிகார்டிங்', 'கன்சிடரிங்', 'அக்கார்டிங் டு'. 'ரிகார்டிங்'கையும் 'குறித்து'வையும் பக்கத்துல வச்சுப் பார்த்தப்ப எனக்குக் கொஞ்சம் புல்லரிச்சுது. ஒட்டோ உறவோ இல்லாத ரெண்டு மொழி, ஒரே மாதிரி ஒரு வினையைத் தேய்ச்சு ஒரே வேலைக்கு வச்சிருக்கு. 'யூஸிங்' இப்ப பாதி தேய்ஞ்ச நிலை. நம்ம ரெக்கார்ட்ல தப்பிச்சிடும், கறாரான ஜர்னல்ல மாட்டும். புராஜெக்ட் பேப்பர் அனுப்பப் போறவங்க 'வி மெஷர்ட் தி வோல்டேஜ் வித் எ மல்டிமீட்டர்'னு நேரா எழுதிட்டா பிரச்சினையே இல்லை.

அதோட, 'தமிழ்ல யோசி'ன்னு நான் சொல்றது எல்லாத்துக்கும் இல்லை. எங்க 'தி' போடணும், எங்க 'எ' போடணும்ங்கிறதுல தமிழ் நமக்கு ஒரு உதவியும் செய்யாது. 'இன்', 'ஆன்', 'அட்' கதையும் அப்படித்தான். அதுக்குப் படிச்சுப் படிச்சுத்தான் பழகணும். இது தமிழ்ப் பெருமை பேசுற கட்டுரை இல்லை. ஃபிரெஞ்ச் எடுத்தவனுக்கு அந்த அருகதையும் கிடையாது.

எனக்கு உண்மையிலேயே கோவம் வர்றது ஒரு இடத்துலதான். 2021-லிருந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்ஜினியரிங்லயும் 7.5 சதவீத இட ஒதுக்கீடு வந்த பிறகு, நம்ம வகுப்புகள்ல தமிழ் மீடியம் நண்பர்கள் முன்னைவிட அதிகம் இருக்காங்க. பிளேஸ்மென்ட் டிரெய்னிங் ஆரம்பிச்சதும் முதல் நாளே அவங்க வாயை அடைக்கிற வாக்கியம் அந்த 'தமிழ்ல யோசிக்காதே'தான். கேட்டதும் அவங்க தன் காதையே சந்தேகப்பட ஆரம்பிச்சிடறாங்க. என் ரூம்மேட் ஒரு பயிற்சியில எழுதின வரி: "ஆஃப்டர் ஐ ஃபினிஷ்ட் தி டிசைன், மை டீம் டெஸ்டட் இட்." சுத்தமான வரி. ஒரு குறையும் இல்லை. பயிற்சி கொடுத்தவர் அதை அடிச்சிட்டு, 'இங்'ல ஆரம்பிச்சா அட்வான்ஸ்டா இருக்கும்னு மேல எழுதிக் கொடுத்தது: "ஹேவிங் ஃபினிஷ்ட் தி டிசைன், மை டீம் டெஸ்டட் இட்." டிசைன் பண்ணினது இவன். அந்த ஒரு திருத்தத்துல அவன் உழைப்பு முழுக்க டீம் கணக்குல போயிடுச்சு. அவனுக்கு அது உறுத்தியிருக்கு. 'டிசைனை முடிச்சு என் டீம் டெஸ்ட் பண்ணுச்சு'ன்னு மனசுக்குள்ள சொல்லிப் பார்த்திருக்கான். ஆனா கை தூக்கிச் சொல்லலை. 'இங்கிலீஷ் மீடியத்துக்காரனுவளே சும்மா இருக்கானுவ, நமக்கென்னல தெரியும்'னு விட்டுட்டானாம். அந்த வகுப்புல நானும்தான் இருந்தேன். எனக்கு எந்தத் தப்பும் தெரியலை. நோட்டுல 'அட்வான்ஸ்டு'ன்னு தலைப்புப் போட்டு எழுதிக்கிட்டேன்.

இப்ப எங்க ரூம்ல ஒரு ஒப்பந்தம். அவனோட மெயில்ல 'தி', 'எ' எல்லாம் நான் பார்ப்பேன். என்னோடதுல 'இங்' வர்ற ஒவ்வொரு வரியையும் அவன் தமிழ்ல சத்தமா படிப்பான், அதுவும் பக்கத்து ரூமுக்குக் கேட்கிற மாதிரி. போன வாரம் என் ரெஸ்யூமேல மூணு இடத்துல நிறுத்தினான். மூணாவதுல சிரிப்பை அடக்க முடியாம, "லே, ஒன் பைதான் ஸ்கிரிப்ட் எந்தக் காலேஜ்லல படிச்சுது?"ன்னான். திருத்தி எழுதி வேற ரெண்டு கம்பெனிக்கு அனுப்பியிருக்கேன். இன்னும் பதில் வரலை. புதுக் கண்ணாடிக்கு 1,800 ரூபா ஆச்சு.